தாரை விட்டு யார் இறங்குவது?

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என்பது, ஸ்டீரிங்கை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற தொழில். மைத்துனர் புதிதாக வாங்கிய காரில் இடது சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்ட அனுபவம் உங்களுக்கு உண்டா? அப்படியானால் நீங்கள் நம்ம ஆள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அறுபதுகளில், கே.ஜி.எஃப். தங்கவயல் ஊரான ராபர்ட்சன்பேட்டையில் டிரைவிங் ஸ்கூல் நடத்தினேன். ஸ்கூல் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பழைய கார், ஒரு போர்டு, நான். என் பக்கத்துக்கும் ஒரு பிரேக் பெடல் வைத்துக் கொடுத்திருந்தார் மெக்கானிக். அது சில நேரம் பிடிக்கும். மற்ற நேரங்களில் குலதெய்வம்தான் பிடிக்க வேண்டும்.

இன்றைக்கு நடுவில் திட்டு கட்டி, போக ஒரு ரோடு, வர ஒரு ரோடு என்று போட்டுவிட்டார்கள். எதிரே வருகிறவர் முகமே தெரிவதில்லை. அன்றைக்கு எங்கள் பங்காருப்பேட்டை ரோட்டில் நடுவே ஒரு வண்டி அகலத்துக்குத்தான் தார். இரண்டு பக்கமும் மண். எதிரே வண்டி வந்தால் இருவரும் இடது பக்கத்துச் சக்கரங்களை மண்ணில் இறக்கி, ஆளுக்குப் பாதித் தாரை விட்டுக்கொடுக்க வேண்டும். லோடு ஏற்றி வருகிறவருக்கும் மேடு ஏறி வருகிறவருக்கும் முழுத் தாரையும் விட வேண்டும். இது எந்தச் சட்டத்திலும் கிடையாது. ஆனால் மீறினவருக்கு ரோட்டோர டீக்கடை பெஞ்சில் ஒரு டிரைவரும் நகர்ந்து இடம் கொடுக்க மாட்டார். கிளச்சும் கியரும் யாருக்கும் வந்துவிடும். தாரை விட்டு இறங்கக் கற்றுக்கொடுப்பதற்குள்தான் எனக்குத் தலை நரைத்தது.

முதலாளியும் மாடும்

கோவிந்தசாமி முதலாளிக்கு பஜாரில் ஜவுளிக்கடை. கார் வாங்குவதற்கு முன்னாலேயே கார்காரருக்கு உரிய தோரணை அவருக்கு வந்துவிட்டது. தார் அவருக்கு, மண் மற்றவர்களுக்கு. எதிரே லாரி வந்தாலும் சரி, பஸ் வந்தாலும் சரி, நேராகப் போவார். நான்தான் ஸ்டீரிங்கை எட்டிப் பிடித்து இடது பக்கம் இழுப்பேன். "இறங்குங்க முதலாளி" என்றால், "அவன் எறங்கட்டும் மாஸ்டர், வாடிக்கைக்காரனா இருந்தா நான் எறங்குவேன்" என்பார். எதிரே வருகிறவர் தன் கடையில் துணி எடுப்பவரா இல்லையா என்பது அவ்வளவு தூரத்திலிருந்து அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரியும் என்று சொல்லியிருப்பார்.

ஒரு நாள் காலை எதிரே ஒரு மாட்டுவண்டி வந்தது. வண்டி நிறைய வைக்கோல். வண்டிக்காரர் மேலே படுத்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். முதலாளி ஹாரன் அடித்தார். மாடுகள் நடந்து வந்து, எங்கள் பானட்டுக்கு முன்னால் நின்று, பெருமூச்சு விட்டன. முதலாளி விடாமல் ஹாரன் அடித்தார். ஒரு மாடு பானட்டை முகர்ந்து பார்த்து, பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கடைசியில் வண்டிக்காரர் எழுந்து உட்கார்ந்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு காரைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், அவசரமே இல்லாமல் சொன்னார்: "என் மாட்டுக்குப் பின்னால போகத் தெரியாது சாமி. உங்க வண்டிக்குத் தெரியும் இல்ல?"

எதிரில் ஒன்றும் வராத வண்டி

தேவராஜ் வந்தது அந்த வாரத்தில்தான். சுரங்கத்தில் இருபது வருஷம் கீழே வேலை பார்த்தவர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஆனாலும் என்னை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார். நான் அவரை அண்ணா என்றேன். நெஞ்சில் தூசு சேர்ந்துவிட்டது, இனிமேல் கீழே இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மேலே ஆபீஸில் ஜீப் டிரைவர் வேலை ஒன்று காலியாக இருந்தது. மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் கொண்டுவந்தால் அந்த வேலை அவருக்கு.

"இல்லேன்னா?" என்றேன்.

"இல்லேன்னா கணக்க முடிச்சிக்கினு கம்பெனி குடுத்த லைன் வூட்ட காலி பண்ணணும் மாஸ்டர். எனக்கு மூணு பொண்ணுங்க. எங்க போறது?"

சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. சாதாரண இருமல் இல்லை. உடம்பு முழுவதையும் பிடித்து உலுக்குகிற இருமல். கண் இறுக மூடிக்கொண்டது. இரண்டு காலும் தரையை அழுத்தி மிதித்தன. ஓட்டும்போது இது வந்தால், கால் எந்தப் பெடலின் மேல் இருக்கிறதோ அதைத்தானே மிதிக்கும்? ஆக்சிலேட்டர் மேல் இருந்தால்? முடியாது என்று சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். மூன்று பெண்கள் என்றாரே, அதனால் வேறு ஏதோ கேட்டேன். இதற்கு முன்னால் எந்த வண்டியாவது பழக்கம் உண்டா என்றேன்.

அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றுகிற கூண்டைச் சொன்னார்: "கேஜ்தான் மாஸ்டர் பழக்கம். ஏறிப் போறது ஒரு பக்கம், எறங்கி வர்றது ஒரு பக்கம். எதிர்ல ஒண்ணியும் வராது."

சங்கு ஊதும் நேரம்

மைசூர் மைன்ஸ் பக்கம் ஷிப்ட் முடிந்து சங்கு ஊதினால், ரோடு சைக்கிள்காரர்களுக்குச் சொந்தம். நாலு பேர், ஐந்து பேர் வரிசையாக, தோளில் கை போட்டுப் பேசிக்கொண்டு வருவார்கள். எட்டு மணி நேரம் இருட்டில் இருந்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்து ஹாரன் அடிக்க எந்த டிரைவருக்கும் மனசு வராது. பஸ்களே ஓரமாக நின்று இன்ஜினை அணைத்துவிடும். நானும் அந்த நேரத்தில் வண்டி எடுப்பதில்லை. அன்றைக்கு தேவராஜ் சரியாக ஓட்டியதில் சந்தோஷப்பட்டு நேரத்தை மறந்துவிட்டேன்.

சங்கு ஊதியது. சைக்கிள்கள் வந்தன. மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தோம். முதல் வரிசையிலேயே ஒருவர், "டேய், நம்ம தேவராஜ் காரு ஓட்டறான்டா!" என்று கத்தினார். அவ்வளவுதான். வருகிற சைக்கிள்காரர் எல்லாம் கும்பிட்டார்கள். தேவராஜும் கும்பிட்டார். ஒரு கையால் இல்லை. ஸ்டீரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையும் கூப்பி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. கார் அது பாட்டுக்கு வலது பக்கம் போய்க்கொண்டிருந்தது. நான் என் பிரேக்கை மிதித்தேன். நல்ல வேளையாக அன்றைக்கு அது பிடித்தது. ஒரு சைக்கிளின் மட்கார்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றோம். அந்த சைக்கிள்காரரும் இறங்கி நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போனார்.

கோபத்தில், "என்னண்ணா இது, ஸ்டீரிங்கை விட்டுட்டா கும்பிடறது?" என்று கத்திவிட்டேன். தேவராஜ் என்னைப் பாவமாகப் பார்த்தார். "ஒத்தக் கையில கும்புட்டா கார்ல ஏறினதும் கொழுப்பு வந்துட்ச்சின்னு லைன்ல பேசுவாங்க மாஸ்டர். நாளைக்கு எங்க வூட்டுக்காரி கொழாயாண்ட கொடத்தோட நிக்கணும் இல்ல?"

விளக்கு மரியாதை

விளக்கு போட்டு ஓட்டவும் பழக வேண்டும் என்று ஒரு நாள் மாலை வெளிச்சம் மங்குகிற நேரத்தில் தேவராஜைப் பங்காருப்பேட்டையிலிருந்து ஓட்டிவரச் சொன்னேன். பின் சீட்டில் கோவிந்தசாமி முதலாளி. போகும்போது அவர் முறை; வரும்போது தேவராஜ் முறை. இருமல் இல்லை, காற்று நன்றாக இருந்தது, ஆக்சிலேட்டர் சத்தம் ஒரே சீராக இருந்தது. பரவாயில்லை, இவர் தேறிவிடுவார் என்று மனசுக்குள் நினைத்தேன். அப்படி நினைத்திருக்கக் கூடாது.

எதிரே ஒரு பஸ் வந்தது, விளக்கோடு. தேவராஜ் சட்டென்று முகத்தை முழுவதுமாக இடது பக்கம் திருப்பி, தலையைக் குனிந்துகொண்டார். முகம் போன பக்கம் கை போயிற்று. கை போன பக்கம் கார் போயிற்று. தாரை விட்டு இறங்கி, மண்ணையும் தாண்டி, சின்ன வரப்பு ஒன்றில் ஏறி, கேழ்வரகுக் கொல்லைக்குள் போய் நின்றோம். பஸ் டிரைவர் நிறுத்தி எட்டிப் பார்த்துவிட்டு, யாருக்கும் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். "இந்த ஆளு பாதித் தாரு குடுக்கல மாஸ்டர், முழு ரோட்டையுமே குடுத்துட்டாரு" என்றார் பின் சீட்டிலிருந்து முதலாளி, தரையில் விழுந்த தன் செருப்பைத் தேடிக்கொண்டே.

"ஏண்ணா முகத்தைத் திருப்பினீங்க?" என்றேன். தேவராஜுக்கு என் கேள்வியே புரியவில்லை. சுரங்கத்துக்குள் எல்லோர் தலையிலும் விளக்கு இருக்கும். எதிரே ஆள் வந்தால் அவர் கண்ணில் நம் விளக்கு அடிக்கக் கூடாது. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பேச வேண்டும். நேராக முகத்தைப் பார்த்துப் பேசினால் சண்டைக்கு இழுப்பதாக அர்த்தம். இருபது வருஷத்துப் பழக்கம். கார் விளக்கு தன் நெற்றியில் இல்லை என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை.

எனக்குக் கோபம் போய் மனசு இளகிவிட்டது. எத்தனை லாரிக்காரர்கள் என் கண்ணில் விளக்கை அடித்துக்கொண்டே போயிருக்கிறார்கள்! இந்த மனிதர் எதிராளியின் கண்ணைக் காப்பாற்றப் போய் எங்கள் மூன்று பேரையும் கொல்லைக்குள் இறக்கிவிட்டார். அவர் இடது காலுக்குப் பக்கத்தில், தரையில் இருந்த டிம்மர் பட்டனைக் காட்டினேன். எதிரே வண்டி வந்தால் முகம் நேராகவே இருக்கட்டும், இதைக் காலால் ஒரு அழுத்து அழுத்தினால் விளக்கு தானாகத் தலை குனியும், அதுதான் இங்கே மரியாதை என்றேன். அவர் பட்டனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இன்னா மாஸ்டர் இது, மரியாதைய யாராச்சும் காலால பண்ணுவாங்களா?"

பெங்களூர் மரியாதை

இதற்கு நடுவில் கோவிந்தசாமி முதலாளி லைசென்ஸ் வாங்கிவிட்டார். எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் டெஸ்ட் வைத்த அன்றைக்கு எதிரே எந்த வண்டியும் வரவில்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். புதுக் காரும் வாங்கி, சரக்கு எடுக்கப் பெங்களூருக்குப் புறப்பட்டார். தைரியத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டார். அங்கே ஒரு இடத்தில் நடுவில் திட்டு கட்டி, செடி நட்டு, இரட்டை ரோடு போட்டிருந்தார்கள். முதலாளி அதுவரை அப்படி ஒரு ரோட்டைப் பார்த்ததில்லை. இடது பக்க ரோட்டில் கூட்டம். வலது பக்க ரோடு காலியாக இருந்தது. நான் செடியைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நொடியில் காலியான ரோட்டில் ஏறிவிட்டார்.

அப்புறம் எதிரே வந்தன பாருங்கள்! கார், ஆட்டோ, ஜட்கா, பஸ். எல்லோரும் அலறிக்கொண்டு இரண்டு பக்கமும் பிரிந்தார்கள். இது அவர் கார். என் காலுக்குப் பிரேக் இல்லை. வெறும் தரையை மிதித்துக்கொண்டு, "திரும்புங்க, திரும்புங்க" என்று கத்துகிறேன். முதலாளி மார்பை நிமிர்த்திக்கொண்டு, ஒரு கை ஸ்டீரிங்கில், ஒரு கை ஜன்னலில், நிதானமாக ஓட்டினார். நல்ல வேளை, திட்டில் ஒரு இடைவெளி வந்தது. ஸ்டீரிங்கைப் பிடித்து இழுத்து அந்தப் பக்கம் தள்ளினேன். நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேனா என்று நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டபோது, முதலாளி பூரிப்போடு சொன்னார்: "பாத்தீங்களா மாஸ்டர், பெங்களூர்க்காரங்க எவ்ளோ மரியாதையா தார விட்டு எறங்கறாங்க! நம்ம ஊர்ல ஒருத்தன் எறங்கறானா?"

கோலாரில் ஒரு இருமல்

தேவராஜுக்கான டெஸ்ட் கோலாரில். அந்த மாதத்தில் அதற்குப் பிறகு பிரேக் இன்ஸ்பெக்டர் டெஸ்ட் வைக்கப்போவதில்லை. அதில் தவறினால் ஜீப் வேலை வேறொருவருக்குப் போய்விடும். லைன் வீடும் போய்விடும். காலையில் அவர் மனைவி சரோஜா ஒரு பாட்டில் நிறைய ஓமத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார். வீட்டில் புத்தர் படத்துக்கு ஊதுவத்தி ஏற்றிவிட்டு வந்ததாக தேவராஜ் சொன்னார். கோலார் போய்ச் சேரும்வரை நான் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னேன்: "எல்லாம் நல்லா வருதுண்ணா. இருமலை மட்டும் கால் மணி நேரம் அடக்கிக்கங்க. இன்ஸ்பெக்டர் இறங்கினப்புறம் எவ்வளவு வேணுமானாலும் இருமிக்கங்க." அவர் ஓமத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே தலையாட்டினார்.

இன்ஸ்பெக்டர் கன்னடக்காரர். கே.ஜி.எஃப். ஆட்களிடம் தமிழிலேயே பேசுவார்; ஆனால் அதிகம் பேச மாட்டார். என் சீட்டில் அவர் உட்கார்ந்தார். நான் பின் சீட்டில். வண்டி கிளம்பியது. தேவராஜ் நன்றாகத்தான் ஓட்டினார். ஊருக்கு வெளியே தார் ஒடுங்கியதும் எதிரே ஒரு பஸ் வந்தது. இரண்டு சக்கரத்தை அழகாக இறக்கி ஏற்றினார். இன்ஸ்பெக்டர் "ம்" என்றார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அப்போது கண்ணாடியில் தேவராஜின் முகத்தைப் பார்த்தேன். சிவந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வந்துவிட்டது. பின்னால் ஒரு லாரி வேறு, ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. அடக்குங்கள் அண்ணா, அடக்குங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். என் காலுக்குக் கீழே எந்தப் பிரேக்கும் இல்லை. மூன்று பெண்களும் சட்டிப் பானைகளோடு தெருவில் நிற்பது போல் என் கண்ணுக்குத் தெரிந்தது.

தேவராஜ் அடக்கவில்லை. வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, வேகம் குறைக்கப்போகிறேன் என்று மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார். பிறகு லாரியை முன்னே போகச் சொல்லிக் கையை வீசினார். தாரை விட்டு முழுவதுமாக மண்ணில் இறங்கினார். நிறுத்தினார். கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். அதற்கப்புறம்தான் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, உடம்பு குலுங்கக் குலுங்க இருமினார். காரே ஆடியது. போயிற்று, எல்லாம் போயிற்று என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். இருமல் அடங்கியதும் அவர் முகத்தைத் துடைத்தார், பின்னால் பார்த்தார், கை காட்டினார், தாரில் ஏறினார். இன்ஸ்பெக்டரிடமிருந்து ஆபீஸ் வாசல் வரை ஒரு "ம்" கூட இல்லை.

வண்டி நின்றதும் இன்ஸ்பெக்டர் இறங்கினார். காகிதத்தைப் பானட்டின் மேல் வைத்து எதையோ எழுதினார். நான் இறங்கிப் போய், அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். பாஸ்! தேவராஜைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் ஸ்டீரிங் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். நான் அப்படியே கார் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு நிம்மதி என் சொந்த வேலைக்காகக்கூட எனக்கு வந்ததில்லை. உள்ளே போகத் திரும்பிய இன்ஸ்பெக்டர் நின்று, என்னைப் பார்த்துச் சொன்னார்: "திரும்பறதுக்குக் கை காட்டறவன் பாத்திருக்கேன் மாஸ்டர், நிறுத்தறதுக்குக் கை காட்டறவன் பாத்திருக்கேன். இருமறதுக்குக் கை காட்டின ஆளை இன்னிக்குத்தான் பாத்தேன்."

நான் சொன்னதைக் கேட்காமலே பாஸானவர் என் ஸ்கூலில் அவர் ஒருவர்தான், அதற்கப்புறம் லைன் லைனாக எனக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தவரும் அவரேதான்.